64 பிட் கருவிப்பெட்டி: முதன்முறை பழுதுபார்ப்பவரின் மேசையில் 14 மாதங்கள்

கணினியையும் கேம் கன்சோலையும் வீட்டிலேயே திறந்து பழுதுபார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்தப் பெட்டியைத்தான். ஒரு கைப்பிடி, அதில் செருகும் 64 சிறு திருப்புளி முனைகள் (பிட்கள்), வளையும் தண்டு ஒன்று, பிளாஸ்டிக் நெம்பிகள், மூன்று சாமணங்கள், ரப்பர் உறிஞ்சி, நிலைமின்சாரத்தைத் தணிக்கும் கைப்பட்டை ஆகியவை இதில் அடங்கும். இதே உள்ளடக்கம் பல பெயர்களில், பல நிற உறைகளில் விற்கப்படுவதால் நான் வாங்கியதன் பெயரைச் சொல்வதில் பயனில்லை; உள்ளே என்ன இருக்கிறது, அது வேலைக்கு ஆகிறதா என்பதை மட்டும் எழுதுகிறேன். கடந்த 14 மாதங்களில் ஒரு மடிக்கணினி, ஒரு பிளேஸ்டேஷன் 4, இரண்டு கன்ட்ரோலர்கள், சில பழைய கேம் கார்ட்ரிட்ஜ்கள் ஆகியவற்றை இதைக் கொண்டு திறந்து, சரிசெய்து, மூடியிருக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் அல்ல நான். இந்த மதிப்பீடும் என்னைப் போலப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையின்மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 64 என்ற எண்ணைப் பார்த்து இதை வாங்க வேண்டாம். இத்தனை மாதங்களில் நான் தொட்ட பிட்கள் 9 மட்டுமே. அந்த ஒன்பதும் திருகின் தலைக்குள் ஆடாமல் அசையாமல் அமர்ந்தன என்பதற்காகவும், யாரும் விளம்பரப்படுத்தாத இரண்டு நைலான் நெம்பிகளுக்காகவும் இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்கிறேன். அதே நேரத்தில் இதில் உள்ள கைப்பட்டையை நம்பி யாரும் வேலையில் இறங்க வேண்டாம் என்றும் அதே அளவு அழுத்தமாகச் சொல்கிறேன். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

இந்தப் பெட்டியை வாங்கவைத்தது ஒரு தோல்வி. மடிக்கணினியின் மின்விசிறி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. தூசு அடைத்திருக்கும் என்று எண்ணி, வீட்டில் இருந்த சாதாரணத் திருப்புளியால் அடிமூடியைத் திறக்க முயன்றேன். முதல் ஐந்து திருகுகள் வந்துவிட்டன. ஆறாவது அசையவில்லை. கொஞ்சம் கூடுதலாக அழுத்தித் திருப்பினேன். முனை மெல்ல மேலே ஏறி, 'கிரக்' என்று வழுக்கியது. மீண்டும் திருப்பினேன், மீண்டும் வழுக்கியது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தபோது, கூட்டல் குறி போல இருந்த பள்ளத்தின் நான்கு மூலைகளும் கரைந்து, பளபளவென்று ஒரு வட்டக் குழியாகியிருந்தது. திருகு ஸ்லிப் ஆகிவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். அந்த ஒரு திருகுக்காக மூடியை மறுபடியும் பூட்டிவைத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன்.

அப்போது தெரியாமல் இருந்த ஒன்று, கூட்டல் குறி போலத் தெரியும் திருகுகள் எல்லாம் ஒரே இனமல்ல என்பது. ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் வகை ஒன்று. ஜப்பானியத் தொழில்தரமான ஜேஐஎஸ் வகை மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பள்ளத்தின் சரிவும் மூலைகளின் வளைவும் வேறுபடுவதால், பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் திருகின் அடிவரை இறங்காமல் பாதியில் நின்றுவிடும். பாதிப் பிடியில் விசை கொடுத்தால் முனை மேலேறி வழுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஜேஐஎஸ் முனையோ பிலிப்ஸ் திருகிலும் பெரும்பாலும் நன்றாகவே அமர்கிறது. ஜப்பானில் வடிவமைக்கப்பட்ட கன்சோல்களையும் கன்ட்ரோலர்களையும் திறக்க நினைப்பவர்கள் ஒரு கருவிப்பெட்டியில் முதலில் தேட வேண்டியது ஜேஐஎஸ் 000, ஜேஐஎஸ் 00 (பூச்சியம் கூடக் கூட முனை சிறியது) ஆகிய இரண்டையும்தான். இந்தப் பெட்டியில் இரண்டும் உள்ளன. பிட்டின் கழுத்தில் தெளிவாகப் பொறிக்கப்பட்டும் உள்ளன. இவை இல்லாத நூறு பிட் பெட்டியை விட, இவை இருக்கும் இருபது பிட் பெட்டி மேலானது.

ஸ்லிப் ஆன அந்த ஆறாவது திருகை இந்தப் பெட்டிதான் கழற்றிக் கொடுத்தது. பிஎச் 0 (பிலிப்ஸ் வகை, 0 அளவு) பிட் உள்ளே சுழன்றுகொண்டே இருந்ததால், அகன்ற ரப்பர் வளையம் ஒன்றை நறுக்கிக் குழியின்மேல் பரப்பி, அதன்மேல் பிஎச் 1 பிட்டை நேராக நிறுத்தி, உள்ளங்கையால் முழு பலத்துடன் கீழே அழுத்திக்கொண்டு கால் வட்டம் மட்டும் திருப்பினேன். ரப்பர் பள்ளத்தில் பிதுங்கி நிரம்பி, பிட்டைப் பிடித்துக்கொண்டது. திருகு 'டக்' என்ற ஓசையுடன் விட்டுக்கொடுத்தது. இந்த இடத்தில் கைப்பிடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் தலையில் தனியாகச் சுழலும் ஒரு தொப்பி இருக்கிறது. உள்ளங்கை அந்தத் தொப்பியில் அசையாமல் அழுத்த, விரல்கள் மட்டும் உடற்பகுதியைத் திருப்புகின்றன. சிறு திருகுகளுக்குத் தேவை திருப்பும் விசையை விட அழுத்தும் விசையே என்பதை இந்த அமைப்பு தானாகவே கற்றுக்கொடுத்துவிடுகிறது. அலுமினியத்தால் ஆன உடலில் சொரசொரப்பான வரிகள் வெட்டப்பட்டிருப்பதால் வியர்த்த கையிலும் நழுவவில்லை.

பிட்களின் உலோகம் எஸ்2 எஃகு என்று உறை சொல்கிறது. பயன்பாட்டில் எனக்குத் தெரிந்தது இவ்வளவே: எட்டு பிட்களின் முனைகள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன, பிஎச் 000 மட்டும் மழுங்கிவிட்டது. ஊசி முனை போன்ற அந்த அளவில் எந்த எஃகும் பாடுபடத்தான் செய்யும் என்றாலும், அதிகம் பயன்படும் பிட் அதுவே என்பதால் கூடுதலாக ஒன்றைச் சேர்த்துத் தந்திருக்கலாம். ஆறுதலான செய்தி, இந்தப் பிட்களின் அடிப்பகுதி 4 மில்லிமீட்டர் அறுகோணம் என்ற பொது அளவில் இருக்கிறது. தனியாக வாங்கிய பிட் கைப்பிடிக்குள் சிக்கலின்றிப் பொருந்தியது. தனக்கென்று ஒரு விசித்திர அளவை வைத்திருக்கும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் ஒரு பிட் போனால் அதற்கு மாற்றுக் கிடைப்பதே கடினம்.

64 என்ற எண்ணிக்கை எப்படி நிரப்பப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு முனை நட்சத்திரமான டார்க்ஸ் திருகில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணமானது, மற்றொன்றின் நடுவில் ஒரு சிறு குச்சி நிற்கும், அதற்கான பிட்டின் நுனியில் துளை இருக்கும். துளையுள்ள பிட் சாதாரணத் திருகையும் தாராளமாகத் திருப்பும். ஆகவே துளையுள்ள டிஆர் 8 இருக்கும் பெட்டியில் சாதாரண டி 8 தேவையே இல்லை. இந்தப் பெட்டியிலோ டி 6 முதல் டி 10 வரை இரண்டு வகைகளும் இரட்டை இரட்டையாக இடம்பிடித்திருக்கின்றன. மேசை, நாற்காலி பூட்டுவதற்கான பெரிய அறுகோணப் பிட்களும் அப்படித்தான். அவற்றுக்குப் பதிலாக இரண்டாவது பிஎச் 000ஐயும், கொஞ்சம் நீளமான டிஆர் 8ஐயும் வைத்திருந்தால் பெட்டி இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும். நீளத்தைச் சொல்லக் காரணம், பிட்கள் எல்லாம் 28 மில்லிமீட்டர் நீளமே கொண்டவை. குழாய் போன்ற ஆழமான குழிக்குள் இருக்கும் திருகை எட்டும்போது பருமனான கைப்பிடி வாயிலேயே முட்டி நின்றுவிடுகிறது. அப்போது பெட்டியில் உள்ள நீட்டிப்புத் தண்டைச் செருகியே ஆக வேண்டும். அந்தத் தண்டோ லேசாக ஆடுகிறது. வளையும் தண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இறுகிய திருகில் அது தானே முறுக்கிக்கொள்கிறதே தவிர, திருகைத் திருப்புவதில்லை.

அரிய பிட்களில் உண்மையாகவே பெறுமதி வாய்ந்தவை மூன்று. முதலாவது ஒய் 00: மூன்று கால்கள் கொண்ட இந்தத் திருகு நின்டெண்டோவின் ஸ்விட்ச்சிலும் அதன் கன்ட்ரோலர்களிலும் வெளிப்புறத்தைப் பூட்டியிருக்கிறது. இரண்டாவது டிஆர் 8: பிளேஸ்டேஷன் 4இன் பின்புறமும், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரின் உடலும் இதற்குத் திறக்கும். மூன்றாவது, 3.8 மில்லிமீட்டர் மற்றும் 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் இணை. பிட்டின் நுனி குழாய் போல இருந்து, திருகின் தலையை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 ஆகியவற்றின் கார்ட்ரிட்ஜ்களுக்குச் சிறியதும், அந்தக் கன்சோல்களின் உடலுக்குப் பெரியதும் வேண்டும். பழைய பேனாவை உருக்கி அச்செடுத்துச் சமாளித்தவர்களை நான் அறிவேன். அந்தச் சிரமம் இனி வேண்டாம். நான் திறந்த கார்ட்ரிட்ஜ்களுக்குள் பழுது என்று எதுவும் இருக்கவில்லை. தாமிரத் தொடுமுனைகளில் படிந்திருந்த கறுப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்ததும் ஆட்டம் ஓடியது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் வேலை இருக்க முடியாது: ஒரு திருகோ இரண்டோ, ஒரே பலகை, பேட்டரி, ரிப்பன் (நாடா போன்ற மெல்லிய கேபிள்) எதையும் இழுக்க வேண்டியதில்லை.

இப்போது நைலான் நெம்பிகளுக்கு வருகிறேன். ஸ்பட்ஜர் என்று சொல்லப்படும் இந்தக் கறுப்புக் குச்சியின் ஒரு நுனி தட்டையாகவும் மறுநுனி கூராகவும் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் திருகுகளுக்குப் பிறகு நடக்கும் வேலை முழுவதும் இதன் நுனியில்தான் நடக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது அக்கா மகனின் ஸ்விட்ச் கன்ட்ரோலர்.

பன்னிரண்டு வயதுக்காரன். ஒரு நாள் மாலை கன்சோலை என் மடியில் வைத்து, "சித்தி, நான் தொடவே இல்ல, அதுவா மேல போகுது பாருங்க" என்றான். திரையில் அவனுடைய கதாபாத்திரம் சுவரில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தது. டிரிஃப்ட் என்று விளையாடுகிறவர்கள் சொல்லும் இந்தக் கோளாறு, எந்தப் பெயர் கொண்ட கன்ட்ரோலராக இருந்தாலும், மின்தடையை அளந்து திசையறியும் ஜாய்ஸ்டிக்குகளில் நாள்பட வருவது. குச்சியை அசைக்கும்போது ஒரு சிறு உலோகத் தொடுமுனை கரிப்பூச்சின்மேல் உரசிச் செல்கிறது. உரசல் கூடக் கூடப் பூச்சு தேய்ந்து, அதன் பொடியும் அங்கேயே தங்கி, நடுவில் நிற்கும் குச்சியையும் சாய்ந்ததாகக் கன்சோல் வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆல்கஹால் தெளித்தால் சில நாள் சரியாகும்; தேய்ந்த பூச்சு திரும்ப வராது. மாற்று ஜாய்ஸ்டிக்கைப் பொருத்துவதே நிலையான தீர்வு. உரசலே இல்லாமல் காந்தத்தின் அசைவை உணர்ந்து செயல்படும் ஹால் வகை ஜாய்ஸ்டிக்குகளும் இப்போது கிடைக்கின்றன. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு ஒரு விளையாட்டுக் கன்ட்ரோலருக்குள் வந்து உதவுவதை நினைத்து எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது, அதையே வாங்கினேன்.

நான்கு ஒய் 00 திருகுகளும் பிசகின்றி வந்தன. அதன்பின் மூடியைப் புத்தகம் போல மெல்ல விரித்தேன். இரு பாதிகளையும் ரிப்பன் கேபிள்கள் இணைத்திருப்பதால் அவசரத்தில் பிரித்து எடுத்தால் அவை கிழிந்துவிடும். பேட்டரியின் இணைப்பை நெம்பியின் தட்டை நுனியால் முதலில் விடுவித்தேன். எந்தக் கருவியைத் திறந்தாலும் பேட்டரிக்குத்தான் முதல் இடம். மின்சாரம் ஓடும் பலகையில் ஒரு திருகு உருண்டு விழுந்தாலே போதும், பழுதுபார்க்க வந்தது பழுதாகிவிடும். ஜேஐஎஸ் 000 பிட்டால் உள்தட்டைக் கழற்றியதும் ஜாய்ஸ்டிக்கின் ரிப்பன் தெரிந்தது. அதன் வாயில் நகத்தின் வெள்ளைப் பகுதி அளவே அகலமுள்ள ஒரு கறுப்பு மடிப்பு. அதுதான் பூட்டு. கதவைப் போல மேல்நோக்கித் திறக்க வேண்டிய அதைத் தெரியாமல், ரிப்பனைப் பிடித்து இழுத்து இணைப்பையே பெயர்த்துவிடுகிறவர்கள் நிறைய. நெம்பியின் கூர்நுனியை மடிப்பின் அடியில் கொடுத்து நூலளவு உயர்த்தினேன். மடிப்பு 90 பாகை எழுந்து நின்றது. ரிப்பன் தானாகவே தளர்ந்து வந்துவிட்டது. இரும்புத் திருப்புளியால் இதைச் செய்திருந்தால் மடிப்பு உடைந்திருக்கும், அல்லது பக்கத்தில் இருந்த மணல் பருக்கை அளவு பாகங்களில் ஒன்று பெயர்ந்திருக்கும். நைலான் தன்னை விட்டுக்கொடுத்துப் பலகையைக் காப்பாற்றுகிறது. என் நெம்பியின் நுனியில் இன்று மூன்று நான்கு வடுக்கள் உள்ளன. பலகைகளில் ஒன்றும் இல்லை.

புதிய ரிப்பனை உள்ளே செலுத்துவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. அங்கே சாமணம் கைகொடுத்திருக்க வேண்டும். பெட்டியில் உள்ள மூன்றில் வளைந்த நுனி கொண்டது மட்டுமே உருப்படியானது. நேர்நுனிச் சாமணத்தின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று சந்திக்காமல் மயிரிழை விலகி நிற்கின்றன. ரிப்பனைப் பிடித்தால் அது சுழன்றுவிடுகிறது. மூன்றாவதின் நுனி முதல் மாதத்திலேயே வளைந்துவிட்டது. வளைநுனிச் சாமணத்தால் ரிப்பனின் இரு ஓரத்தையும் பிடித்து, அதன்மேல் உள்ள வெள்ளைக் கோடு இணைப்பின் வாய்க்கு நேராக வரும்வரை தள்ளி, மடிப்பைச் சாத்தினேன். கோடு சாய்ந்திருந்தால் ரிப்பன் முழுதாக இறங்கவில்லை என்று பொருள். அதைக் கவனிக்காமல் ஒருமுறை மூடிவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி திறக்க நேர்ந்தது. பூட்டிய பிறகு கன்சோலின் அமைப்புகளில் ஜாய்ஸ்டிக்கை அளவுத்திருத்தம் செய்தோம். கதாபாத்திரம் அசையாமல் நின்றது.

பெட்டியின் மூடி ஒரு பக்கம் காந்தத் தட்டாகப் பயன்படுகிறது. சிறு கட்டங்கள் வரையப்பட்டிருக்கும் இதில் கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒட்டவைக்கலாம். இதை வெறும் வசதி என்று எண்ணக் கூடாது. ஒரே தடிமனில் 3 மில்லிமீட்டரும் 5 மில்லிமீட்டரும் ஒரே கருவிக்குள் இருக்கும். நீளமானதைக் குட்டையான துளையில் முடுக்கினால் அது மறுபக்கம் வெளிப்பட்டுப் பலகையின் உள்தடங்களை அறுத்துவிடும். அந்தச் சேதத்தைச் சரிசெய்வது நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டாத வேலை. கட்டங்களோடு மட்டும் நிற்காமல், கருவியின் அடிப்புறத்தை ஒரு தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் திருகைக் குத்திவைப்பதே எனக்கு இன்னும் நம்பிக்கை தருகிறது. பூட்டும்போது ஒவ்வொரு திருகையும் முதலில் இடப்பக்கமாகச் சுற்றி, மரை விழும் 'டிக்' ஓசை கேட்ட பிறகே வலப்பக்கம் முடுக்குகிறேன். பிளாஸ்டிக் துளைகளின் மரை அழியாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

மடிக்கணினியின் மின்விசிறி வேலைக்குப் பெட்டியின் பங்கு குறைவு, வெளியிலிருந்து வாங்க வேண்டியவை அதிகம். தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தச் செயலியின்மேல் பூசும் பசை), 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, காற்றடிக்கும் குப்பி எதுவும் பெட்டியில் இல்லை. இவற்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். செயலியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்கின் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சிறியதற்கும், பூட்டும்போது சிறியதிலிருந்து பெரியதற்கும், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் செல்ல வேண்டும். ஒரே மூலையை முழுதாக முடுக்கினால் சிப்பின் கண்ணாடி போன்ற விளிம்பு நொறுங்கக்கூடும். பழைய பேஸ்ட் காய்ந்து, சுண்ணாம்பைப் போல உதிர்ந்தது. மின்விசிறிக்கும் ஹீட் சிங்கின் இதழ்களுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல ஒரு தூசுப் படலம் மடிந்து கிடந்தது. சாமணத்தால் பிடித்தபோது ஒரே துண்டாக வந்தது. காற்றடிக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் வேகத்தில் அளவு மீறிச் சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும். முன்பு வேலைப்பளுவில் 97 பாகை செல்சியஸைத் தொட்ட செயலி, பூட்டிய பிறகு 82இல் நின்றது. இரைச்சல் அடங்கியது.

இதே நம்பிக்கையில் பிளேஸ்டேஷன் 4ஐத் திறந்தபோதுதான் கைப்பட்டையின் உண்மை வெளிப்பட்டது. நிலைமின் கைப்பட்டையின் வேலை, நம் உடலில் சேரும் மின்னேற்றத்தைச் சிறுகச் சிறுகத் தரைக்கு இறக்கிவிடுவது. விரல் நுனியில் சுருக்கென்று நாம் உணரும் பொறியே சுமார் 3,000 வோல்ட் அளவில்தான் உணரப்படுகிறது. அதைவிட மிகக் குறைந்த, நாம் உணரவே முடியாத அளவு ஒரு சிப்பைக் கெடுக்கப் போதும். பட்டையின் வடத்துக்குள் 1 மெகாஓம் மின்தடை இருக்க வேண்டும். ஏற்றம் மெதுவாக இறங்குவதற்கும், தவறுதலாக மின்சாரம் பட்டால் நம் உடல் வழியே பெருமளவு பாயாமல் தடுப்பதற்கும் அது தேவை. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கைக்குப் படும் உலோகத் தகட்டிலும் மறுமுனையை முதலைக் கவ்வியிலும் வைத்துப் பார்த்தேன். எண் எதுவும் வரவில்லை. சுற்று அறுந்திருப்பதைக் காட்டும் குறியே திரையில் நின்றது. பட்டையை அசைத்தும், பொத்தானை மீண்டும் அழுத்தியும் பார்த்தேன். மாற்றமில்லை. அதாவது முதல் ஆறு மாதங்கள் நான் கையில் கட்டியிருந்தது வெறும் துணி. எனக்கு இது பெரும் வருத்தத்தைத் தந்தது. மழுங்கிய பிட் தன் குறையைத் தானே காட்டிவிடுகிறது. அறுந்த கைப்பட்டையோ பாதுகாப்பு இருப்பதாக நம்பவைத்துவிட்டுக் கைவிடுகிறது. நல்ல பட்டை ஒன்றைத் தனியாக வாங்கிச் சோதித்தேன். 1 மெகாஓமை ஒட்டிய எண் வந்தது. எந்தப் பெட்டியை வாங்கினாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கம்பியே இல்லாமல் விற்கப்படும் கைப்பட்டைகளை வாங்கவே வேண்டாம். ஏற்றம் இறங்க வழியில்லாத பட்டையால் பயனில்லை.

பிளேஸ்டேஷன் 4இன் தூசு வேலை டிஆர் 8, பிஎச் 1 இரண்டு பிட்களிலேயே முடிந்தது. 2013இல் வந்த முதல் வடிவத்தில், பின்புறம் ஸ்டிக்கர்களின் அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளைக் கழற்றி, பவர் சப்ளையை அதன் கூட்டோடு முழுதாக வெளியே எடுத்த பிறகே ஹீட் சிங்கின் இதழ்கள் கண்ணில் படும். முழுதாக என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கூட்டைத் திறக்கும் பிட்டும் இதே பெட்டியில் இருக்கிறது. திறக்கக் கூடாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் உள்ளே நேர்த்திசை மின்சாரமாக மாற்றப்படும்போது, மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் தேங்குகிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடுவதில்லை. பிளேஸ்டேஷன் 5இலும் இப்படி ஓர் எல்லை உண்டு. அதன் பக்கத் தகடுகள் கருவியே இல்லாமல் கையால் கழலும், தூசு சேர்வதற்கென்றே விடப்பட்டிருக்கும் துளைகளில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சிவிடலாம், கூடுதல் சேமிப்பகமான எம்.2 எஸ்எஸ்டி பொருத்தும் அறைக்கும் ஒரு பிலிப்ஸ் பிட் போதும். அதற்கு அப்பால் ஹீட் சிங்கை எடுக்கப் புதியவர்கள் முனைய வேண்டாம். அங்கே செயலியின்மேல் இருப்பது பேஸ்ட் அல்ல, திரவ உலோகம். மின்சாரத்தைக் கடத்தும் அது ஒரு சொட்டு சிந்தினாலும் பலகை பாழ். அதேபோல் உப்பிய பேட்டரியை நெம்பி எடுக்கவும் இந்தப் பெட்டியில் உள்ள எதுவும் பொருத்தமானதல்ல.

பெட்டியோடு ஒரு சிறு கையேடு வருகிறது. எட்டுப் பக்கங்களில் எட்டுப் பிட்களின் படங்களும் "கவனமாகத் திறக்கவும்" என்ற அறிவுரையும் இருக்கின்றன. பயன் ஏதும் இல்லை. வேலைக்கு வேண்டியது அந்தந்த மாடலுக்கே உரிய வழிகாட்டி. கைல் வீன்ஸும் லூக் சோல்ஸும் 2003இல் தொடங்கிய ஐஃபிக்ஸிட் என்ற இணையதளம், ஆயிரக்கணக்கான கருவிகளுக்குப் படிப்படியான படங்களுடன் இலவச வழிகாட்டிகளைத் தருகிறது. எந்தத் திருகுக்கு எந்தப் பிட், அதன் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை அதில் இருக்கும். டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினிகளுக்கான பராமரிப்பு நூல்களையும் வெளியிடுகின்றன. நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: முதல் திருகைத் தொடும்முன் வழிகாட்டியைக் கடைசிப் படிவரை வாசித்து, தேவைப்படும் பிட்களை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை மூடிவிடுவேன். கையில் நான்கு பிட்கள் மட்டும் இருக்கும்போது தவறானதைச் செருகும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. உத்தரவாதக் காலம் முடியாத கருவியாக இருந்தால் அதன் விதிகளையும் அப்போதே படித்துவிடுவது நல்லது.

சில சிறு குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பிட்களைத் தாங்கும் நுரைப் பஞ்சு மிக இறுக்கம். சிறு பிட்களை நகத்தால் பெயர்த்துத்தான் எடுக்க முடிகிறது. ரப்பர் உறிஞ்சி, கீறல் விழுந்த கண்ணாடியில் ஒட்டவே இல்லை. கைப்பிடியின் காந்தம் சற்று வலுவாக இருந்திருக்கலாம். பிட் நுனியில் திருகைத் தொங்கவிட்டு ஆழத்தில் இறக்கும்போது பாதி நேரம் நழுவிவிடுகிறது. சால்டரிங் (உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும்) கருவி எதுவும் இதில் இல்லை என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஆனால் வாங்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கன்சோல்களின் கன்ட்ரோலர்கள் பலவற்றில் ஜாய்ஸ்டிக் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5இன் கன்ட்ரோலரான டுயல்சென்ஸில் ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு மட்டும் 14 இணைப்புகளை உருக்கி எடுக்க வேண்டும். மூடியைத் திறக்கவும், உள்ளே தூசு தட்டவும், பேட்டரி மாற்றவும் மட்டுமே இந்தப் பெட்டி அங்கே பயன்படும்.

சென்ற மாதம் அக்கா மகனின் மற்றொரு பக்கக் கன்ட்ரோலரும் டிரிஃப்ட் ஆகத் தொடங்கியது. இம்முறை அவனே உட்கார்ந்தான். நான் வாங்கி வைத்திருந்த புதிய பிஎச் 000 பிட்டை அவன் எடுக்கப் போக, ஜேஐஎஸ் 000ஐக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஆடாமல் நின்றதை வைத்துக்கொண்டான். நான்கு ஒய் 00 திருகுகளையும் தாளில் வரைந்த கன்ட்ரோலரின் நான்கு மூலைகளிலும் குத்திவைத்தான். பேட்டரியை எடுத்த பிறகு, நைலான் நெம்பியின் கூர்நுனியால் கறுப்பு மடிப்பை நிமிர்த்தும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டான். புதிய ரிப்பனின் வெள்ளைக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினான். நேராகத்தான் இருந்தது.